புது வீட்டுக் கதவும் மூன்று சாவியும்

திண்டுக்கல்

அன்புள்ள சுந்தரம்,

கடிதம் கிடைத்தது. புது வீட்டில் லிப்ட் இருப்பதால் அம்மா சாயங்காலம் கீழே இறங்கி நடக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனசு நிறைந்தது. இங்கே எல்லோரும் சுகம். பெரியவள் பரீட்சை எழுதி முடித்துவிட்டாள், மழையும் போன வாரத்தோடு விட்டது.

குடிபோய் ஒரு மாதத்துக்குள் இரண்டு தடவை வெளியே மாட்டிக்கொண்டதையும், அதற்கு உன் மறதிதான் காரணம் என்று வீட்டில் பேச்சு வாங்குவதையும் எழுதியிருந்தாயே, அது உன் மறதி இல்லை. பழைய வீட்டில் முப்பது வருஷம் நாதாங்கியில் தொங்கியது நம்மூர் மாங்காய்ப் பூட்டு. 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்தத் திண்டுக்கல் பூட்டு வகை. உன் பூட்டு சாவியைப் போட்டுத் திருப்பினால்தான் பூட்டும். சாவி கையில் இல்லாமல் வீட்டைப் பூட்டிவிட்டு நீ கிளம்பவே முடியாது. ஞாபகம் வைத்துக்கொள்ளும் வேலையைப் பூட்டே பார்த்துக்கொண்டது. இப்போது இருப்பது நைட் லாட்ச். அதன் நாக்கு ஒரு பக்கம் சரிவாக இருக்கும், பின்னால் ஸ்பிரிங் தள்ளும். கதவைச் சாத்தினாலே, ஏன், பால்கனிக் காற்று சாத்தினாலே பூட்டிக்கொள்ளும். சாவி எங்கே இருக்கிறது என்று அது கேட்காது. பூட்டு மாறிவிட்டது, கை இன்னும் பழைய பூட்டுக்கே பழகியிருக்கிறது.

அதனால் கைக்குப் புதிதாகப் பழக்கவேண்டியது ஒன்றே ஒன்றுதான். கதவை எந்தக் கையால் இழுத்துச் சாத்துகிறாயோ அந்தக் கையிலேயே சாவி இருக்கவேண்டும். பையில் இருக்கிறது, சட்டையில் இருக்கிறது என்பதெல்லாம் கணக்கில்லை. உள்ளங்கையில் உலோகம் படவேண்டும். சாத்திய பிறகு கதவை ஒருமுறை தள்ளிப் பார்த்து, வாய்விட்டே "பூட்டியாச்சு" என்று சொல். பேருந்தில் உட்கார்ந்தபின் பூட்டினோமா இல்லையா என்று வரும் தவிப்பு இதில் போய்விடும், ஏனென்றால் தினமும் செய்கிற காரியம் நினைவில் தங்காது, காதில் விழுந்த சொல் தங்கும்.

பெரும்பாலும் வெளியூர் கிளம்பும்போது யாரும் மாட்டிக்கொள்வதில்லை. காலையில் பால் பாக்கெட் எடுக்க, வாசலில் கோலம் போட, குப்பைக் கூடையை வெளியே வைக்க என்று பத்து நொடிக்குக் காலை வெளியே வைக்கிறோமே, அப்போதுதான் கதவு அறைந்து சாத்தும். எதிரெதிராக ஜன்னல் திறந்திருக்கும் வீட்டில் இது நிச்சயம் நடக்கும். பெரும்பாலான லாட்சில் உள்பக்கம் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். நாக்கை உள்ளே இழுத்துப் பிடித்து அதை நகர்த்தினால் நாக்கு வெளியே வராமல் நிற்கும். அதைத் தேடிப் பார்த்து வீட்டில் எல்லோருக்கும் காட்டிக்கொடு, அம்மாவுக்கு முதலில். ராத்திரி படுக்கும்முன் பொத்தானைப் பழையபடி விட மறக்கக்கூடாது, இல்லாவிட்டால் கதவு சும்மா சாத்தியபடியே கிடக்கும்.

சாவி மாட்டும் இடம் பற்றிக் கேட்டிருந்தாய். வாசலிலிருந்து நாலைந்து எட்டுக்குள், நின்றபடி கை எட்டும் உயரத்தில், ஒரு கொக்கிப் பலகை. டீப்பாய், பிரிட்ஜ் தலை, டிவி ஸ்டாண்டு எதுவும் வேண்டாம். செருப்பைக் கழற்றிய கையோடு சாவி கொக்கிக்குப் போகவேண்டும், தண்ணீர் குடிப்பதெல்லாம் அதற்கப்புறம். பலகையை ஜன்னல் பக்கம் அடித்துவிடாதே. ஜன்னல் கம்பிக்குள் நீளக் குச்சி விட்டுச் சாவியை எடுப்பது பழைய திருட்டு வழி. ஜன்னலில் நின்று பார்த்தால் கொக்கியே கண்ணில் படாத சுவராகப் பார்.

வண்டிச் சாவியை வீட்டுச் சாவியோடு கோக்காதே. நிறையப் பேர் செய்கிற தப்பு இது. வண்டியை வாட்டர் சர்வீசுக்கு விடும்போது வீட்டுச் சாவியையும் சேர்த்தே கொடுத்துவிட்டு வருகிறோம், நகல் எடுக்க ஐந்து நிமிஷம் போதும். போதாததற்கு, கனமான கொத்து ஓட்டத்தில் ஆடி ஆடி வண்டியின் சாவித்துளையும் தேயும். வீட்டுச் சாவிக்கு இரண்டு சுற்றுள்ள எஃகு வளையம் தனியாகப் போடு, 25 மில்லிமீட்டர் குறுக்களவு போதும். நகத்தால் எளிதில் விரிகிற வளையம் ஒருநாள் தானாகவே சாவியை நழுவவிடும். பின்பாக்கெட்டில் வைத்து உட்கார்ந்தால் பித்தளைச் சாவி வளையும். வளைந்ததை நிமிர்த்தி நிமிர்த்திப் போட்டால் கழுத்தில் முறியும். வளையத்தில் முகவரி எழுதிய அட்டை வேண்டவே வேண்டாம்.

கரண்ட் போன நேரத்திலும் எது எந்தச் சாவி என்று விரலுக்குத் தெரியவேண்டும். வாசல் சாவியின் தலையில் நூலை இறுக்கிச் சுற்றி மேலே ஒரு பூச்சு நகப்பூச்சு அடித்துவிடு. மற்றவை மொழுமொழு என்று இருக்கட்டும்.

அம்மா இப்போதும் கொத்தை இடுப்பில் செருகிக்கொள்கிறார்கள், பையன் கேலி செய்கிறான் என்றாய். கேலி வேண்டாம் என்று சொல். சாவி என்ற சொல் போர்த்துக்கீசியரோடு வந்தது, நம் பழைய சொல் திறவுகோல். எந்தப் பேரில் கூப்பிட்டாலும் உடம்போடு சேர்ந்திருக்கும் சாவிதான் தொலையாது. அம்மாவின் சாவியை அந்தக் கொத்திலேயே போட்டுக்கொடு. பீரோ சாவி மட்டும் அதில் சேரக்கூடாது.

வந்த சாவி மூன்று, ஆள் நாலு. நகல் எடுக்கும்முன் ஒன்று தெரிந்துகொள். இந்த மாதிரிப் பூட்டு 1860களில் அமெரிக்காவில் லைனஸ் யேல் காப்புரிமை வாங்கிய முறையில் வந்தது. உள்ளே ஐந்தோ ஆறோ பின், அதாவது சின்ன உலோகக் குச்சி இருக்கும், ஒவ்வொன்றும் இரண்டு துண்டு. சாவியின் வெட்டுகள் அந்தப் பின்களைச் சரியான உயரத்துக்குத் தூக்கி, துண்டுகள் பிரியும் இடத்தை ஒரே கோட்டில் நிறுத்தினால்தான் சாவி நுழையும் உருளை சுற்றும். கால் மில்லிமீட்டர் பிசகினாலே மக்கர் பண்ணும். அதனால் நகலிலிருந்து நகல் எடுக்காதே. ஒவ்வொரு தடவையும் பிசகு கூடிக்கொண்டே போகும். மூன்றில் ஒன்றைப் புழங்காமல் எடுத்து வை, எப்போதும் அதிலிருந்தே நகல் வெட்டவேண்டும். வெட்டி முடித்ததும் ஓரத்துப் பிசிறைத் தேய்த்து எடுக்கச் சொல், அது உள்ளே உதிர்ந்தால் பின் சிக்கும். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்துவைத்துக்கொண்டு பத்துத் தடவை திருப்பிப் பார். மூடி வைத்துச் சோதிக்காதே.

அவசரத்துக்கு ஒரு சாவி மீட்டர் பெட்டியில் இருக்கட்டுமா என்று கேட்டாய். மீட்டர் பெட்டி, பூந்தொட்டி, மிதியடி, செருப்பு அலமாரி, இந்த நாலையும்தான் திருடன் முதலில் பார்ப்பான். தங்கச்சி வீடு பக்கம்தானே, ஒட்டிய உறையில் போட்டு அங்கே கொடு. ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் போய்க் கேட்கக்கூடிய வீடாக இருக்கவேண்டும், அது முக்கியம்.

இப்போது பையன் சங்கதி. இரவு வேலை முடிந்து வந்து திறந்தால் சாவி பாதிக்குமேல் போகவில்லை, பூட்டு கெட்டுவிட்டது என்று எழுதியிருந்தாய். லாட்சுக்குக் கீழே இருக்கும் பூட்டு இரண்டு பக்கமும் சாவி போடுவதுதானே? அம்மா உள்ளே பூட்டிவிட்டுச் சாவியை அதிலேயே விட்டிருப்பார்கள். சாவி நுழைந்து சுற்றுகிற பாகத்துக்குச் சிலிண்டர் என்று பேர். சாதாரண சிலிண்டரில் உள்ளே ஒரு சாவி செருகியிருந்தால் வெளிச்சாவி முழுதாக நுழையாது. இதற்கு உள்பக்கம் சாவிக்குப் பதில் திருகுக் குமிழ் உள்ள சிலிண்டர் கிடைக்கும். தீப்பிடித்தால் இருட்டில் சாவி தேடாமல் வெளியே ஓடலாம் என்பதற்காகவே அதை நான் வற்புறுத்துவேன். நீங்கள் வருமுன் எத்தனை பேரிடம் அந்தச் சாவி இருந்ததோ, அதற்காகவும் மாற்றத்தான் வேண்டும்.

முழுப் பூட்டையும் மாற்றத் தேவையில்லை, ஆசாரியும் வேண்டாம். கதவைத் திறந்து பக்கவாட்டு விளிம்பைப் பார், சாவித்துளை உயரத்தில் ஒரு நீளத் திருகு இருக்கும். அதைக் கழற்று. சாவியைப் போட்டுக் கொஞ்சமே கொஞ்சம் திருப்பினால் நடுவில் உள்ள சின்ன நாக்கு உருளையோடு ஒட்டி மறையும், அப்போது சிலிண்டர் அப்படியே வெளியே வரும். கடைக்கு அதையே கொண்டு போ. மொத்த நீளம் மட்டும் பார்த்தால் போதாது. திருகுத் துளையின் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் தனித்தனியாக அள. 30, 30 மில்லிமீட்டர் என்று இருக்கலாம், 30, 40 என்றும் இருக்கலாம். வெளிப்பக்கம் கதவுத் தகட்டைத் தாண்டி 2 மில்லிமீட்டருக்கு மேல் துருத்தக்கூடாது, திருடன் பிடித்து முறுக்க இடம் கொடுக்கும்.

மழைநாளில் சாவி இறுகுகிறது என்பதற்கும் பூட்டைக் குறை சொல்லாதே. கதவு திறந்திருக்கும்போது சாவி சுகமாகச் சுற்றி, மூடியபின் இறுகினால் கோளாறு கதவு நிலையில்தான். மரம் ஊறி, நாக்கு போய் விழும் குழித் தகட்டில் இடிக்கிறது. கதவை உன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு திருப்பு, வெயில் வந்ததும் தகட்டின் ஓரத்தை அரத்தால் ஒரு மில்லிமீட்டர் ராவிவிடு. திறந்திருக்கும்போதே இறுகினால் உள்ளே தூசி. தேங்காய் எண்ணெய் மட்டும் விட்டுவிடாதே. தூசியைக் கூட்டிப் பசையாக்கும், மார்கழிக் குளிரில் உறைந்தும் போகும். 4பி பென்சிலைச் சாவியின் வெட்டில் கறுப்பாகத் தேய்த்து, உள்ளே விட்டு ஏழெட்டுத் தடவை இழுத்தெடு, போதும்.

என்றைக்காவது சாவி உள்ளே முறிந்தால், மீதித் துண்டை வைத்துக் குத்தாதே, இன்னும் உள்ளே போய்விடும். சாவி நுழையும் நிலைக்கு உருளையைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் திருப்பிக் கொண்டுவா. அந்த நிலையில் தவிர வேறெங்கும் பின்கள் துண்டை விடாது. பிறகு ஊசிமூக்குக் குறடாலோ, ரம்பத் துண்டின் பல்லாலோ மெதுவாக இழுத்தால் வரும்.

பேங்க் லாக்கர் சாவி பற்றி ஒரு வரி. அதற்கு நகல் பேங்கிலும் கிடையாது. தொலைந்தால் உடைத்துத்தான் திறக்கவேண்டும், செலவு நம் தலையில். எங்கே வைத்திருக்கிறாய் என்று வீட்டில் இன்னொருவருக்கும் தெரியட்டும்.

சிலிண்டர் அளவை எழுதி அனுப்பு, நல்ல பித்தளையில் நானே பார்த்து வாங்கி வைக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது அந்த மாங்காய்ப் பூட்டையும் எடுத்து வா. சும்மா கிடந்தால் உள்ளே சாவி தூக்குகிற லீவர் தகடு துருப்பிடிக்கும், பிரித்துத் துடைத்துக் கொடுக்கிறேன். அம்மாவுக்கு என் வணக்கம்.

உன்,
வேலு