அந்த டிஸ்க்கில் இனி எதையும் ஏற்றாதீர்கள்

எங்கள் லோக்கல் சேனல் நிர்வாகத்தாருக்கு வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமை எடிட் ரூமில், ஏற்காட்டில் நான் எடுத்து வந்த மலைப் பாட்டுப் பதிவுகளை அழித்ததை நான் திரும்பச் சொல்லத் தேவையில்லை. வாட்ஸ்அப் குரூப்பில் நான் போட்ட நாலு மெசேஜுக்கும் சேர்த்து ஒரே ஒரு கட்டைவிரல் வந்தது, அதனால்தான் இப்படி ஊரறிய எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். கேட்பது ஒன்றுதான். அழித்தது அழித்ததாகவே இருக்கட்டும், அந்த 4 டிபி, அதாவது நாலாயிரம் ஜிபி டிஸ்க்கில் இனி ஒரு ஃபைல்கூட ஏற்றாமல் கழற்றி வையுங்கள். டெலீட் செய்திருந்தாலும் மேலே வேறொன்று பதியாதவரை மீட்டுப் பார்க்கலாம். பதிந்துவிட்டால் போச்சு.

இடம் இல்லை என்றீர்கள். நம் கேமராவில் ஒரு மணி நேரம் எடுத்தால் சுமார் 11 ஜிபி. ஏற்காட்டில் நான் எடுத்தது மொத்தமே ஆறு மணி நேரம், கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். நாலு வருஷத்துக் கடை திறப்பு விழா ரிப்பன்களும் குத்துவிளக்குகளும் பத்திரமாக இருக்கின்றன, சேர்வராயன் மலைப் பாட்டுதான் இடத்தை அடைத்துக்கொண்டிருந்ததாம்!

அன்றைக்கு கேமராமேன் லீவு. ட்ரைபாடை மடியில் வைத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் ஏறி, நாகலூர் தாண்டிப் போய், நானே கேமரா, நானே மைக், நானே கேள்வி. வாசலில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்த பாட்டியின் சேலையில் காலர் மைக்கை மாட்டினால், "இது கடிக்குமா கண்ணு?" என்றார். கல்யாணத்தில் பெண்ணை அனுப்பும்போது பாடும் பாட்டு. நடுவில் மறந்துபோய், பக்கத்து வீட்டம்மா அடி எடுத்துக்கொடுத்து, அப்புறம் மறுபடி முதலிலிருந்து. நாற்பது நிமிஷம் பாடினார். நாம் போட்டது ஒன்றரை நிமிஷம், அதிலும் பாதி முகத்தை ஆடித் தள்ளுபடி ஸ்க்ரோல் மறைத்துவிட்டது. முழுசாக எப்போது வரும் என்று அவர் பேரன் எனக்குத்தான் போன் போடுகிறான். டிவியில் தெரிவது என் முகம்தானே, உங்கள் முகம் இல்லையே.

ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவின் வளைவைக் காட்டி, சேலத்தின் பெருமை என்று வருஷா வருஷம் என்னைப் பேச வைக்கிறீர்கள். மலையாளத்தின் முதல் பேசும் படமான பாலன் 1938-ல் அவர்கள் எடுத்ததுதான், இன்று அதற்குப் பிரதி இல்லை. அது ஃபிலிம் காலம், காப்பாற்றுவது கஷ்டம். நமக்கு என்ன சாக்கு?

கார்டில் இசைத் தொகுப்பாளர் என்று போட்டிருக்கிறீர்கள். சாயங்கால லைவில் "டிவி வால்யூமைக் கொஞ்சம் குறைங்க" என்று கெஞ்சுவதும், திங்கட்கிழமை காலையில் கலெக்டர் ஆபீஸ் மனு நாளுக்கு மைக்கோடு ஓடுவதும் அதே ஆள்தான். பெட்ரோல் காசு மூன்று மாசம் பாக்கி. சரி, அது வேறு மடல்.

வெள்ளிக்கிழமை புது விளம்பரங்களை அதே டிஸ்க்கில்தான் காப்பி செய்யப்போவதாக எடிட்டர் தம்பி சொன்னான். அதற்கு முன்னால், தயவுசெய்து, எதையும் ஏற்றாமல் அதைக் கழற்றி ரிசப்ஷனில் கொடுத்து வையுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். மீட்கிற செலவை உங்களிடம் கேட்க மாட்டேன், பெட்ரோல் பாக்கியில் கழித்துக்கொள்ளுங்கள்.