படையா, மருந்தா?

ஐயா,

வெளிநாட்டுச் சிக்கல் எதுவானாலும் முதலில் போர்க்கப்பலை அனுப்பும் அமெரிக்காவின் பழக்கம் கவலை தருகிறது. பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகச் சொல்லி 2003-ல் ஈராக்கில் நுழைந்தார்கள். அப்படி எதுவும் சிக்கவில்லை. ஆப்கானிஸ்தானில் தாலிபான்களோடு 20 ஆண்டுகள் சண்டையிட்டார்கள். 2021 ஆகஸ்டில் அதே தாலிபான்கள் காபூலைப் பிடித்தார்கள்.

சரி, படையே வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். கம்மவான்பேட்டை போல ராணுவத்துக்கு வீட்டுக்கு வீடு ஆள் அனுப்பும் ஊர் எங்கள் வேலூர் மாவட்டத்தில் இருக்கிறது. எல்லைக் காவலின் அருமை எங்களுக்குத் தெரியும். அடுத்த நாட்டை நம் விருப்பத்துக்கு வளைக்கத் துப்பாக்கியை நம்புவதுதான் தவறு.

வேலூரில் அமெரிக்கர் என்றதும் நினைவுக்கு வருபவர் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார். 1900-ல் ஒற்றைப் படுக்கையோடு அவர் தொடங்கியதுதான் இன்றைய சிஎம்சி மருத்துவமனை. அவரை அனுப்பியது அமெரிக்க அரசாங்கம் அல்ல, கிறிஸ்தவ மிஷன் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த அரசாங்கமோ 2024-ல் ராணுவத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு லட்சம் கோடி டாலர் செலவழித்தது. 2025-ல் யுஎஸ்எய்ட் என்ற தன் வெளிநாட்டு உதவி அமைப்பை மூடிவிட்டது. அந்த அமைப்பின் மருந்தை நம்பியிருந்த ஆப்பிரிக்க எய்ட்ஸ் நோயாளிகள் இனி யாரிடம் போவார்கள்?

- ஒரு வாசகர், காட்பாடி, வேலூர்