சீ.ஆர். கொப்பிக் கணக்கு

அன்பு மகளுக்கு,

சூடானில் டார்ஃபூர் பக்கம் தவிலாவில் சனத்துக்குச் சமைக்கிற பெடியன்கள் பில் அனுப்பவில்லை, அதனால் இந்த மாதக் காசை நிறுத்தி வைத்திருக்கிறேன் என்று நேற்று போனில் சொன்னாய். நீ போர்ட் சூடானில் இருந்து உதவி நிறுவனத்தின் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவள், அது விளங்குகிறது. ஆனாலும் எனக்கு இரவு முழுக்க நித்திரை வரவில்லை.

2009இல் வன்னியில் சண்டைக்குள் மாத்தளனில் கஞ்சிக்கு வரிசையில் நின்றது உனக்கு ஞாபகம் இருக்கும். பத்து வயது உனக்கு. அரிசி, தண்ணீர், உப்பு, அவ்வளவுதான். தொடக்கத்தில் கொஞ்சம் தேங்காய்ப்பாலும் விட்டார்கள். ஊற்றித் தந்த பெடியனுக்கு இப்போதைய உன் வயதுகூட இராது. கக்கத்தில் எப்போதும் ஒரு சீ.ஆர். கொப்பி, அந்தத் தடித்த மட்டைப் பெரிய கொப்பி. குடும்பத்தலைவர் பெயர், எத்தனை பேர், அதற்குப் பக்கத்தில் கோடு போட்டு ‘ஏலாதவர்’ என்று ஒரு நிரல். அம்மம்மாவின் பெயர் அதில் இருந்தது. “அம்மா, ஆச்சிக்கு வேறாகக் கொண்டு போங்கோ” என்று செம்பில் ஊற்றித் தருவான். அந்த அரிசி எங்கிருந்து வந்தது, யாருடைய பதுக்கல், யார் விட்டுவிட்டு ஓடிய மூட்டை? ஷெல் விழுகிற இடத்தில் அதற்கு யார் பில் எழுதுவது?

பிறகு செட்டிகுளம் முகாமில் லொறியில் நின்று சோற்றுப் பார்சலைச் சனத்துக்குள் எறிந்தார்கள். பலமுள்ளவன் பிடித்தான். அந்தப் பார்சலுக்கு எங்கேயோ வடிவான பில் இருந்திருக்கும்.

கணக்குக் கேட்காதே என்று நான் சொல்லவில்லை. கள்ளர் எல்லா இடத்திலும் இருப்பார்கள், எங்களுக்குள்ளும் இருந்தார்கள். ஆனால் 2008 செப்ரெம்பரில், வன்னியை விட்டு வெளியேறச் சொல்லி அரசாங்க உத்தரவு வந்ததும், கிளிநொச்சியில் இருந்த வெளிநாட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் போய்விட்டன. போகவேண்டாம் என்று சனம் வாசலில் நின்று கெஞ்சியது. அவர்களில் எனக்குக் கோபமில்லை, உத்தரவு அப்படி. நாளைக்கு உனக்கும் அப்படி ஒரு உத்தரவு வந்தால் நீயும் போகத்தான் வேண்டும், போய்விடு, அம்மா சொல்கிறேன். அந்தப் பெடியன்கள் எங்கே போவார்கள்?

2023 ஏப்ரல் 15இல் சண்டை தொடங்கியதிலிருந்து அங்கே தெருத்தெருவாக அடுப்பு மூட்டியது உள்ளூர் இளசுகள்தான் என்று நீதானே சொன்னாய். 2025 தொடக்கத்தில் அமெரிக்கக் காசு நின்று நூற்றுக்கணக்கான அடுப்புகள் அணைந்தன. முற்றுகைக்குள் இருந்த எல் பாஷர் நகரில் அம்பாஸ் தின்றார்களாம், கடலை எண்ணெய் ஆட்டிய பிண்ணாக்கு. நாங்கள் மாட்டுக்கு வைப்பது. அந்த ஊர் விழுந்து தப்பி வந்த சனத்துக்குத்தான் இவர்கள் இப்போது தவிலாவில் பருப்பு அவிக்கிறார்கள்.

அதனால் இப்படிச் செய். பில் கேட்பதை விட்டு, அவர்களுடைய கொப்பியைப் போட்டோ பிடித்து அனுப்பச் சொல். கட்டாயம் ஒன்று வைத்திருப்பார்கள். இத்தனை பேருக்குச் சமைக்கிறவன் எழுதாமல் சமாளிக்க முடியாது. சமைக்கிற இடத்தில் ஒரு பொம்பிளைப் பிள்ளையிடமும் தனியாகக் கேட்டுப் பார், யாருக்குக் கிடைக்கவில்லை என்று அவள் சொல்வாள். பாதிக் காசையாவது இன்றைக்கே அந்த ‘பங்காக்’ என்கிற சூடான் வங்கிச் செயலியில் போட்டுவிடு. மேலதிகாரியோடு சண்டை பிடிக்க வேண்டி வந்தால் பிடி. வீட்டில் என்னோடு பிடிக்காத சண்டையா?

காசு போனதும் எனக்கு ஒரு மெசேஜ் போடு. அப்புறம், பெரியம்மா கலியாணக் கதையோடு ஞாயிற்றுக்கிழமை எடுப்பா. போனை நிறுத்தி வைக்காமல் எடுத்துக் கதை.

அம்மா