இரண்டு பூட்டும் கழன்ற பிறகு ஒரு நன்றி மடல்

கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களுக்கும், எங்கள் சபையைச் சேராமலே எங்களோடு நின்ற அக்கம்பக்கத்தாருக்கும் ஸ்தோத்திரமும் வணக்கமும்.

கொடைக்கானலில் இருக்கிற எங்கள் சின்ன லுத்தரன் சபையின் (மார்ட்டின் லூத்தர் வழி வந்த புராட்டஸ்டன்ட் சபை) செயலாளர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கோயில் கதவில் தொங்கிய இரண்டு பூட்டுகளையும் போன மாதம் ஒரே காலையில் கழற்றினார்கள். எல்லோருக்கும் நன்றி சொல்லி ஜெபம் பண்ணுங்கள் என்று என்னை எழுப்பிவிட்டார்கள். தொண்டை அடைத்துக்கொண்டது, ஒரு வார்த்தையும் வரவில்லை. அன்று வாய்விட்டுச் சொல்ல முடியாததை இப்போது எழுதுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சபை சேர்ந்திருக்கும் திருச்சபையின் பெயர் வேண்டாம். சண்டை போட்ட இரண்டு தரப்பிலும் எங்கள் சொந்தக்காரர்களே இருக்கிறார்கள். மூன்று வருடங்களுக்கு முன் மேல்மட்டத்தில் ஒரு தேர்தல் நடந்தது. அது செல்லாது என்று மற்றவர்கள் இன்னொரு தேர்தல் நடத்தினார்கள். அன்றிலிருந்து திருச்சபையை நடத்தும் ஆலோசனைச் சங்கம் இரண்டு, இரண்டு செயலாளர், ஒரே முத்திரை போட்ட இரண்டு லெட்டர்பேடு. ஒரே வாரத்தில் எங்கள் போதகருக்கு இரண்டு மாற்றல் உத்தரவு வந்தது, இரண்டும் வேறு வேறு ஊருக்கு. எதற்குக் கீழ்ப்படிந்தாலும் இன்னொரு தரப்புக்கு அவர் எதிரி. வங்கிக் கணக்கு முடங்கியதால் ஆறு மாதம் சம்பளமும் இல்லை. கடைசியில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளோடு சொந்த ஊருக்குப் போய்விட்டார். அவர்மேல் எங்களுக்கு வருத்தம் இல்லை.

அப்படி எதற்காகச் சண்டை என்று பலர் கேட்டார்கள். ஆயர் (பிஷப்) நாற்காலி மட்டும் என்றால் இவ்வளவு தூரம் போயிருக்காது. போதகர்களை மாற்றுவது, பள்ளிக்கூடங்களில் ஆசிரியர்களை நியமிப்பது, மிஷன் காலத்து நிலத்துக்கும் கட்டடத்துக்கும் குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது, எல்லாமே அந்த ஒரு சங்கத்தின் கையில் இருக்கிறது. 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் இங்கே முதல் வீடுகளைக் கட்டினார்கள். அப்புறம் லுத்தரன் மிஷன்காரர்களும் வெயில் காலத்துக்கு மலையேறி வந்து பங்களா கட்டினார்கள். இன்றைக்கு அந்த மாதிரி இடத்துக்கு லாட்ஜ் கட்டுகிறவர்கள் என்ன விலை கொடுப்பார்கள் என்று இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, பூட்டுக்கு வருகிறேன். கிறிஸ்துமஸுக்குக் காத்திருக்கும் அட்வெந்து காலத்தின் முதல் ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஒரு தரப்பு வந்து கதவைப் பூட்டியது. சனிக்கிழமை சாயங்காலம் மற்றத் தரப்பு வந்து சங்கிலி சுற்றி அதன்மேல் இன்னொன்றைப் பூட்டியது. இரண்டாவது நல்ல கனமான திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு. ஞாயிறு காலை பனி இறங்கி எதிரே நிற்கிற ஆள் தெரியவில்லை. வாலிபர் ஒருவர் கடப்பாரையோடு வந்துவிட்டார். அப்போதுதான் எங்கள் மணியடிக்கும் தாத்தா கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றார். "உடைச்சா நாமும் மூணாவது கோஷ்டி ஆயிருவோம். போய் மணியடிக்கிறேன், வராண்டாவில் உட்காருங்க" என்றார். மணி வெளியே கம்பத்தில் தொங்குவது நல்லதாய்ப் போயிற்று. அதற்குப் பின் பதினான்கு மாதம், பூட்டிய கோயிலுக்கு முன்னால் ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் அவர் மணியடித்தார். தாத்தா, அன்று நீங்கள் அந்தக் கடப்பாரையைத் தடுக்காவிட்டால் எங்கள் பிள்ளைகள்மேல் கேஸ் விழுந்திருக்கும். அதற்காக ஒவ்வொரு தாயும் உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறாள்.

வராண்டாவில் சாரல் அடித்தது. பூம்பாறையிலிருந்து ஞாயிறு சந்தைக்குப் பூண்டு கொண்டுவரும் அண்ணன் எங்களைப் பார்த்துவிட்டு, வண்டியில் கிடந்த தார்ப்பாயை எடுத்துவந்து மேற்குப் பக்கம் கட்டிக் கொடுத்தார். மழைக்காலம் முடிகிற வரை அதைத் திருப்பிக் கேட்கவில்லை. தங்கள் ஊர் முருகன் குழந்தை வேலப்பருக்குச் செய்வது மாதிரிதான் இதுவும் என்றார். எதிர்வீட்டு ஆரோக்கியமாதா கோயில் அக்கா ஒவ்வொரு ஞாயிறும் தன் பூசைக்கு ஓடுவதற்கு முன் ஒரு பெரிய தூக்குப் போணி நிறையச் சுக்குக் காபி வைத்துவிட்டுப் போவார். குளிர் தாங்காத வயதானவர்களுக்குத் தென்னிந்தியத் திருச்சபைக்காரர்கள் தங்கள் ஹாலைப் பிற்பகலில் திறந்துவிட்டார்கள். வாடகை என்ற பேச்சே எடுக்கவில்லை.

இனி பெரியகுளத்து ஐயரைப் பற்றி எழுத வேண்டும். போதகரைத்தான் நாங்கள் ஐயர் என்போம்.

எழுபத்தெட்டு வயதில், ஓய்வுபெற்ற பின்னும், மாதம் ஒருமுறை பஸ் ஏறிக் கொண்டை ஊசி வளைவெல்லாம் கடந்து வந்து எங்களுக்குத் திருவிருந்து (அப்பமும் ரசமும்) கொடுத்தவர். கூப்பிட்டவுடனே அவர் சரி என்று சொல்லிவிடவில்லை. "1530-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் நம்ம லுத்தரன் ஆட்கள் கொடுத்த விசுவாச அறிக்கையில் 14-ஆவது பிரிவு இருக்கிறது. முறையாக அழைக்கப்படாத ஒருவன் சபை நடுவே போதிக்கவோ, ஞானஸ்நானம், திருவிருந்து என்கிற சாக்கிரமெந்து கொடுக்கவோ கூடாது. எனக்குக் கடிதம் வேண்டும்" என்றார். எந்தச் சங்கத்தின் கடிதம் என்று பயந்துகொண்டே கேட்டேன். "இரண்டும் வேண்டாம். சபை கூடித் தீர்மானம் போட்டு, சபையார் கையெழுத்துப் போட்ட கடிதம்" என்றார். நோட்டுத் தாளில் எழுதினோம். 61 குடும்பங்களும் கையெழுத்துப் போட்டன, நான்கு பேர் கைநாட்டு வைத்தார்கள். அந்தத் தாளை அவர் தன் வேதாகமத்தில் மடித்து வைத்திருக்கிறார்.

ஒரு பெண் தன் மூன்று மாதக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கேட்டு வந்தாள். கேட்டுவிட்டுக் கூடவே அழுதாள்: "ஆயரே யார் என்று தெரியாத நேரத்தில் கொடுத்தால் இது செல்லுமா ஐயா?" அவர் அவளை வராண்டாத் திட்டில் உட்காரவைத்து ஒரு கதை சொன்னார். 1838-ல் ஜெர்மனியின் சாக்சனியிலிருந்து மார்ட்டின் ஸ்டீபன் என்கிற போதகரை நம்பி நூற்றுக்கணக்கான லுத்தரன்கள் ஐந்து கப்பல்களில் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார்கள். ஒரு கப்பல் கரை சேரவே இல்லை. வழியிலேயே அவரை ஆயராக ஏற்று, எல்லாவற்றிலும் கீழ்ப்படிவோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். சில மாதத்துக்குள், 1839-லேயே, ஒழுக்கக்கேடு, பணக் குற்றச்சாட்டு என்று வந்து, அவரைப் பதவி நீக்கி மிசிசிப்பி ஆற்றுக்கு அக்கரையில் கொண்டுபோய் விட்டார்கள். அப்புறம்தான் அந்த ஜனங்களைப் பெரிய பயம் பிடித்தது. நாம் இன்னும் சபைதானா, நம் போதகர்கள் போதகர்கள்தானா, நம் ஞானஸ்நானம் ஞானஸ்நானம்தானா என்று இரண்டு வருடம் தவித்தார்கள். 1841-ல் ஆல்டன்பர்க் என்ற ஊரில் விவாதம் வைத்தபோது, அவர்களோடு வந்த 29 வயதுப் போதகர் வால்த்தர் எழுந்து, வசனமும் சாக்கிரமெந்தும் இருக்கிற இடத்தில் திருச்சபை இருக்கிறது, ஆயர் விழுந்ததால் அது விழவில்லை என்று நிலைநாட்டினார்.

"அவர்கள் உன்னைவிட அதிகம் பயந்தவர்கள் அம்மா" என்று சொல்லிவிட்டு ஐயர் எழுந்து தண்ணீர் கேட்டார். அந்தக் குழந்தை இப்போது நடக்கிறாள். பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே ஐயரின் கையெழுத்து நடுக்கத்தோடு இருக்கிறது.

பதிவேடு என்றதும் எங்கள் டீச்சரம்மா. மேல்மட்டத்தில் அதிகாரம் கைமாறுவது தேர்தலில் என்றால், தேர்தல் தீர்மானமாவது வாக்காளர் பட்டியலில். யார் திருவிருந்து அங்கத்தினர், யார் சந்தா கட்டியவர் என்பதில் ஒரு பெயரைச் சேர்த்தோ அடித்தோ விட்டால் போதும். இரண்டு தரப்பும் எங்கள் சபைக்கு இரண்டு பட்டியல் தயாரித்திருந்தார்கள். ஒன்றில் இறந்துபோன என் அப்பா இருந்தார், மற்றொன்றில் உயிரோடு இருக்கும் என் அம்மா இல்லை. டீச்சரம்மா பதினொரு வருடச் சந்தா ரசீதின் அடிக்கட்டைகளைப் பிஸ்கட் டின்களில் அடுக்கி, கட்டில் அடியில் வைத்திருந்தார். கேட்க வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே பதில்: "நகல் எடுத்துக்கோங்க, டின்னைத் தரமாட்டேன்." இரவில் போன் வந்தது, பென்ஷனை நிறுத்துவோம் என்றார்கள். அவர் அசையவில்லை.

வத்தலக்குண்டு வக்கீல் தம்பிக்கும் இங்கேதான் நன்றி சொல்ல வேண்டும். லுத்தரன் என்றால் என்ன என்று முதல் நாள் என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டவர். இரண்டு தரப்பும் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் தங்கள் நிர்வாகிகள் பட்டியலைப் படிவம் 7-ல் கொடுத்திருந்தார்கள். பதிவாளர் பார்த்துச் சொல்லிவிடுவார் என்று நாங்கள் காத்திருந்தோம். "அவர் பட்டியலைக் கோப்பில் வாங்கலாம், எது உண்மையான நிர்வாகம் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. அதற்கு சிவில் கோர்ட்தான்" என்று விளக்கி, நடக்கிற வழக்கில் எங்களையும் சேர்க்கச் சொல்லி மனுப் போட்டார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் மதுரைக்கு அவரே காரில் கூட்டிப்போனார். ஃபீஸ் என்று நாங்கள் கொடுத்த கவரை டீச்சரம்மாவின் டின் கணக்கில் காணிக்கையாகப் போட்டுவிட்டார். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை நிர்வாகியாக வைத்து ஒரே பட்டியலில் புதுத் தேர்தல் நடத்த உத்தரவு வந்தது. அதுவரை எந்த ஊர் ஆராதனையையும் எவரும் தடுக்கக் கூடாது என்பதும் அதில் இருந்தது. எங்கள் சபைக்கு ஏற்கப்பட்டது டின்னிலிருந்து வந்த பட்டியல்தான்.

பூட்டுப் போட வந்தவர்களில் இரண்டு பேர், திறந்த அன்று ஆராதனைக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கும் நன்றி. வருவதற்கு மனசு எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

வழக்குச் செலவுக்குப் பிரித்த பணத்தின் கணக்கைக் கோயில் வராண்டாவில் ஒட்டியிருக்கிறோம். தார்ப்பாயைத் துவைத்துக் காயவைத்துப் பூம்பாறை அண்ணனிடம் கொடுத்தாயிற்று. அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு நீங்கள் எல்லோரும் குடும்பத்தோடு வர வேண்டும். சுக்குக் காபி இந்தத் தடவை எங்கள் வீட்டில்.

மணியடிக்கும் தாத்தாவுக்குச் சால்வை போடலாம் என்று கூட்டத்தில் பேசினோம். வேண்டாம், கயிறு நைந்துவிட்டது, புதுசு வாங்கிக் கொடுங்கள் என்றார். வத்தலக்குண்டில் வாங்கி வந்து கட்டிவிட்டோம். வரும் ஞாயிறு காலை எட்டரைக்கு அந்தக் கயிற்றில் முதல் மணி.