எம் 90 என்ற மெக்கானிக்கல் வேகத்தில் மட்டும் சரியாக இயங்கும் கமராவை "முழுமையாகச் சோதித்தது" என்று விற்றமை தொடர்பான முறைப்பாடு

கல்லடி,
மட்டக்களப்பு.
மே 11

முகாமையாளர் அவர்கட்கு,

மதிப்புக்குரிய ஐயா,

கடந்த ஏப்ரல் 3 ஆம் திகதி உங்கள் நிறுவனத்துக்கு 68,000 ரூபா செலுத்தி ஒரு நிக்கோன் எஃப்இ கமராவும் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸும் வாங்கினேன். பற்றுச்சீட்டில் "முழுமையாகச் சோதிக்கப்பட்டது, எல்லா வேகங்களும் சரி" என்று எழுதித் தந்திருக்கிறீர்கள். அது உண்மையில்லை. இந்தக் கமராவின் எலக்ட்ரோனிக் ஷட்டர், அதாவது பிலிமில் வெளிச்சம் படும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் திரை, பழுது. இரண்டு தடவை தொலைபேசியில் சொல்லியும் தீர்வு கிடைக்காததால் எழுத்தில் தருகிறேன்.

1978 இல் வெளிவந்த கமரா என்பது தெரிந்துதான் வாங்கினேன். வெளியில் இரண்டு கீறல் இருப்பதைப் பற்றியோ, கதவோரப் பஞ்சு உக்கிப்போனதைப் பற்றியோ நான் பேசவில்லை. பஞ்சை நானே மாற்றிக்கொண்டேன். கமராவைச் செய்த நிறுவனத்தின் மேலும் எனக்கு ஒரு குறையும் இல்லை. சோதிக்காத ஒன்றைச் சோதித்தது என்று சொல்லி விற்றீர்களே, அதுதான் என் முறைப்பாடு.

ஏப்ரல் 20 இரவு, வாவிக்கு மேற்கே படுவான்கரையில், என் தாய்வழி ஊரில் வடமோடிக் கூத்து அரங்கேற்றம். என் மாமா 22 வருடத்துக்குப் பிறகு, 67 வயதில், மறுபடியும் கரப்புடுப்பு என்ற கூத்து உடை கட்டினார். சதங்கை அணியிலிருந்து கடைசி ஒத்திகையான அடுக்குப் பார்த்தது வரை மாதக்கணக்காக அவர் பட்ட பாட்டைப் பார்த்தவள் நான். அந்த இரவுக்காகவே இந்தக் கமரா. பின்னேரமே குருக்கள்மடத்தில் படகுப்பாதை ஏறி அம்பிளாந்துறைக்குப் போய், அங்கிருந்து ஊருக்குப் போனேன். விடியும் வரை கூத்தாடும் வட்டக்களரியின் ஓரத்தில் நின்று 25 படம் எடுத்தேன்.

பிலிமை வீட்டில் நானே கழுவினேன். கறுப்பு வெள்ளை, ஐஎஸ்ஓ 400. முதல் 11 படங்களும் பகலில் கல்லடிக் கடற்கரையில் எடுத்தவை, நன்றாக வந்திருக்கின்றன. கூத்தில் எடுத்த 12 இலிருந்து 36 வரை வெறும் பிலிம். 19 ஆம் படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் நாலு கறுப்புப் புள்ளி மட்டும் தெரிகிறது. அவை களரியைச் சுற்றிக் கட்டியிருந்த பல்புகள். அவற்றுக்குக் கீழேதான் மாமா ஆடிக்கொண்டிருந்தார். அவர் இல்லை, கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் இல்லை, மத்தளம் இல்லை. தொழிற்சாலையிலேயே பதிந்து வரும் பிலிமின் ஓரத்து எண்கள் கடைசி வரை கறுத்துத் தெளிவாக இருப்பதால் கழுவியதில் பிழை என்று சொல்ல இடமில்லை.

பிறகுதான் காரணம் தேடினேன். எஃப்இயின் ஷட்டரில் முதல் திரை திறந்த பின்பு இரண்டாம் திரையை ஒரு மின்காந்தம் பிடித்து வைத்திருக்க வேண்டும். நேரம் முடிந்ததும் சுற்று அதை விடுவிக்கும். 8 செக்கனிலிருந்து 1/1000 வரை எல்லா வேகமும், கமராவே வேகத்தைத் தெரிவு செய்யும் ஓட்டோவும் இந்தப் பிடியில்தான் தங்கியிருக்கின்றன. பற்றரி இல்லாமல் இயங்கக்கூடியவை எம் 90 (1/90 செக்கன்), பி (அழுத்தியிருக்கும் வரை திறந்திருப்பது) என்ற இரண்டு மட்டுமே.

பின்கதவைத் திறந்து, லென்ஸைக் கழற்றி, ஜன்னலுக்கு நேரே பிடித்து அழுத்திப் பார்த்தேன். எம் 90 இல் வெளிச்சம் பளிச்சென்று தெரிகிறது. 8 செக்கனில் வைத்தால் அதைவிடக் குறைந்த வெளிச்சம். கண் சிமிட்டுமுன் மூடிவிடுகிறது. 1 செக்கனில், 1/15 இல், 1/60 இல் எதில் வைத்தாலும் 1/1000 இன் அதே சத்தம். களரியில் கமராவின் ஒளியளக்கும் ஊசி 1/15 ஐக் காட்டியது. கமரா 1/1000 இல் மூடியிருந்தால் பிலிமுக்கு வேண்டிய வெளிச்சத்தில் ஏறத்தாழ 64 இல் ஒரு பங்குதான் போய்ச் சேர்ந்திருக்கும். மத்தளமும் சல்லரியும் முழங்கும் இடத்தில் ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்று காதால் அறிய முடியாது.

கடற்கரைப் படங்கள் சரியாக வந்ததற்கும் இதுவே விளக்கம். எங்கள் ஊர் வெயிலில் அந்தப் பிலிமுக்கு லென்ஸின் துவாரத்தை எஃப்/11 இல் வைத்தால் ஓட்டோ தெரிவு செய்வதே 1/1000 தான். பகலில் பழுது மறைந்துகொண்டது, இரவில் வெளியே வந்தது.

இனி, உங்கள் ஊழியர் சொன்ன காரணங்கள். பற்றரி தீர்ந்திருக்கும் என்றார். புதிய எஸ்ஆர்44 இரண்டு போட்டேன். பின்பக்கத்துப் பற்றரிச் சோதனை நெம்பை அழுத்தினால் சிவப்பு விளக்குத் தெளிவாக எரிகிறது. 3 வோல்ட் லித்தியம் பற்றரியும் போட்டுப் பார்த்தேன், மாற்றமில்லை. "ஊசி ஆடுகிறதுதானே, அப்போ எலக்ட்ரோனிக் எல்லாம் சரி" என்றார். ஊசி ஆடுவது ஒளியை அளக்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. அளந்த நேரத்துக்குத் திரையைப் பிடித்து வைத்திருக்கிறதா என்பதற்கு அது சாட்சியில்லை. மட்டக்களப்பின் உப்புக்காற்றுப் பட்டிருக்கும் என்றும் சொன்னார். கமரா என் கைக்கு வந்தது ஏப்ரல் 9. கூத்து 20. பதினொரு நாளில், அதுவும் படம் எடுக்காத வேளையெல்லாம் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு பெட்டிக்குள் இருந்த கமராவை உப்புக்காற்றுத் தின்றுவிடாது. கடலோரத்தில் இருக்கிறோம் என்பதற்காக எங்களிடம் இப்படிச் சொல்வது எனக்கு மனவருத்தம்.

கடைசியாக, விற்பதற்கு முன் சோதித்ததற்கு ஆதாரம் என்று 9 செக்கன் வீடியோ ஒன்றை அனுப்பினார். அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நான்கு தடவை ஷட்டர் அடிக்கிறது. நான்கு தடவையும் டயல் நிற்பது எம் 90 இல். பற்றரியைக் கழற்றி எறிந்தாலும் அடிக்கும் வேகம் அது. அதை வைத்து "எல்லா வேகங்களும் சரி" என்று எப்படி எழுதினீர்கள் என்று தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். முழுக்க மெக்கானிக்கல் ஷட்டர் போதுமென்றால் நான் நிக்கோன் எஃப்எம் வாங்கியிருப்பேன். ஓட்டோவுக்கும் நீண்ட வேகங்களுக்கும் என்றே எஃப்இயைத் தேடி எடுத்தேன்.

எனக்கு வேண்டியது இது. கமராவையும் லென்ஸையும் உங்கள் செலவில் திருப்பி எடுத்து, 68,000 ரூபாவையும் நான் கட்டிய கூரியர் செலவு 950 ரூபாவையும் 14 நாட்களுக்குள் திருப்பித் தாருங்கள். வேறொரு எஃப்இ தருவதாயின், பின்கதவு திறந்த நிலையில் 8, 1, 1/15, 1/60 ஆகிய வேகங்களில் டயலும் ஷட்டரும் ஒன்றாகத் தெரியும் வீடியோவை முதலில் அனுப்புங்கள். பார்த்த பின்பே சம்மதிப்பேன். ஒரு நிமிட வேலை அது. இனி விற்கும் ஒவ்வொரு எலக்ட்ரோனிக் ஷட்டர் கமராவுக்கும் அதைச் செய்யுங்கள், இல்லாவிட்டால் "எம் 90 இல் மட்டும் பார்த்தது" என்றே எழுதுங்கள்.

இந்தத் தவணைக்குள் பதில் வராவிட்டால், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுவேன். விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும் என்பதால் அதற்குமேல் காத்திருக்க மாட்டேன்.

பற்றுச்சீட்டின் பிரதி, நெகட்டிவின் படம், நான் எடுத்த வீடியோ, உங்கள் வீடியோவில் டயல் தெரியும் நான்கு இடங்கள் எல்லாம் இத்துடன் இருக்கின்றன. கமராவை வந்த பெட்டியிலேயே கட்டி வைத்திருக்கிறேன். கூரியர்காரர் வரும் நாளை முன்கூட்டி அறிவித்தால் வீட்டில் நிற்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
கல்லடி.