தமிழ்ப் பாடநூலில் காமிக்ஸுக்கும் இடம் கொடுங்கள்

மொரீஷியஸில் தமிழ்ப் பாடநூல் எழுதும் குழுவினருக்கும், பள்ளிகளிலும் கோயில் வகுப்புகளிலும் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நம் தொடக்கப்பள்ளித் தமிழ்ப் புத்தகங்களில் முழுக் காமிக்ஸ் கதைகள் வர வேண்டும். பாடத்தின் ஓரத்தில் அழகுக்காகப் போடும் படங்களைச் சொல்லவில்லை. கட்டம் கட்டமாக நகர்ந்து, பாத்திரங்கள் வாய்விட்டுப் பேசும் கதைகளைச் சொல்கிறேன். அதிலும் சூப்பர் ஹீரோ கதைகள்.

நம் பிள்ளைகள் வீட்டில் கிரியோல் பேசுகிறார்கள். பள்ளியில் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். டின்டின், ஆஸ்டெரிக்ஸ் காமிக்ஸ்களைப் பிரெஞ்சில் படித்துச் சிரிக்கிறார்கள். தமிழ் அவர்களுக்குத் தேவாரம், திருக்குறள், தேர்வுத்தாள். இந்த மூன்றும் வேண்டியவைதான். ஆனால் தமிழில் ஒருவன் கோபம் வந்தால் எப்படிக் கத்துவான், பயந்தால் என்ன முணுமுணுப்பான், நண்பனை எப்படிச் சீண்டுவான் என்பதை அவர்கள் எங்கே போய்க் கேட்பார்கள்?

பேச்சுத்தமிழைப் பாடநூலில் ஏற்றினால் பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள் என்று சிலர் அஞ்சுகிறார்கள். காமிக்ஸ் பக்கத்தில் அந்தக் குழப்பம் வராது. கதை சொல்லும் வரி கட்டத்தின் மேலே எழுத்துத்தமிழில் இருக்கும், பேச்சு குமிழிக்குள் இருக்கும். உதாரணத்துக்கு நானே எழுதிக் காட்டுகிறேன். மேலே: “மாயாவி சுவிட்சைத் தொட்டான். அவன் உடல் மறைந்தது.” குமிழியில் திருடன்: “ஐயோ, கை மட்டும் தனியா வருதுடா! ஓடுங்க!” எதை எங்கே சொல்வது என்று ஒரு பக்கத்திலேயே பிள்ளைக்குப் பிடிபட்டுவிடும்.

இரும்புக்கை மாயாவியைச் சும்மா இழுக்கவில்லை. பிரிட்டனில் 1962இல் பிறந்த அந்தக் கதாபாத்திரத்தோடுதான் சிவகாசியில் முத்து காமிக்ஸ் 1972இல் தொடங்கியது. மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்து இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையே அவனைத் தங்கள் ஊர்க்காரனாக வைத்துக்கொண்டது. அந்த வாய்ப்பு நம் பிள்ளைகளுக்கும் வேண்டும்.

காமிக்ஸ் சோம்பேறிகளின் வாசிப்பு என்பவர்கள் 1966 பிப்ரவரி தேதியிட்ட அமேசிங் ஸ்பைடர்மேன் 33ஆம் இதழை எடுத்துப் பாருங்கள். ஸ்டீவ் டிட்கோ வரைந்தது. ஒரு பெரிய இயந்திரத்தின் அடியில் ஸ்பைடர்மேனான பீட்டர் நசுங்கிக் கிடக்கிறான். கூரை ஒழுகி உள்ளே தண்ணீர் ஏறுகிறது. மே அத்தையின் உயிரைக் காக்கும் மருந்து கண்ணெதிரே கிடக்கிறது, கைக்கு எட்டவில்லை. அவன் தம் கட்டித் தூக்கத் தூக்கக் கட்டங்களும் பெரிதாகிக்கொண்டே போகின்றன. கடைசியில் ஒரு பக்கம் முழுவதும் அவன் நிமிர்ந்து நிற்கிறான். சொற்களை மறைத்துவிட்டுக் கொடுத்தாலும் பிள்ளைக்குக் கதை புரியும். பிறகு சொற்களைத் திறந்து காட்டினால், அகராதி இல்லாமலே பொருள் வந்து சேரும். மொழிப்பாடத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

எல்லா சூப்பர் ஹீரோ புத்தகங்களும் வகுப்பறைக்கு ஆகாது, ஒப்புக்கொள்கிறேன். 1986-87இல் வந்த வாட்ச்மென் கட்டமைப்பில் ஈடு இணையற்றது. அதன் ஐந்தாம் அத்தியாயத்தில் முதல் பாதியின் பக்க அமைப்பு, மறுபாதியில் கண்ணாடியில் விழுந்ததுபோல் திரும்பி வரும். ஆனால் அது பெரியவர்களுக்கானது. அதைப் பார்த்து எழுதக் கிளம்பிய பலர் ரத்தத்தையும் இருட்டையும் எடுத்துக்கொண்டு உழைப்பை விட்டுவிட்டார்கள். சூப்பர் ஹீரோ என்றாலே அடிதடி என்று பெற்றோர் நினைப்பதற்கு அவர்களும் ஒரு காரணம். அப்புறம், முடிவே இல்லாத தொடர்களும் வேண்டாம். 1992இல் சூப்பர்மேனைச் சாகடித்து, மறு ஆண்டே திரும்பக் கொண்டுவந்தார்கள். பாடத்துக்கு ஒரே புத்தகத்தில் முடிகிற கதைதான் சரி.

அப்படி ஒன்று இருக்கிறது. ஜீன் லுவென் யாங் எழுதி, 2020இல் ஒரே புத்தகமாக வந்த ‘சூப்பர்மேன் ஸ்மாஷஸ் தி க்ளான்’. கதை நடப்பது 1946இல். மெட்ரோபோலிஸ் நகரின் சைனாடவுனை விட்டு நகரின் நடுப்பகுதியில் குடியேறும் ஒரு சீனக் குடும்பத்தின் வீட்டு வாசலில் சிலுவையைக் கொளுத்துகிறார்கள் இனவெறியர்கள். அந்த வீட்டுச் சிறுமி லான்-ஷின், புது இடத்தில் ரொபெர்டா ஆகிறாள். வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த சூப்பர்மேனும், தன் முழு வலிமையைக் காட்டினால் ஊரார் அந்நியனாகப் பார்ப்பார்களோ என்று அடங்கியே நடமாடுகிறான். கப்பலில் வந்த நம் முன்னோரில் சுப்பிரமணியன் என்பவர் பதிவேட்டில் ‘சூப்ரமானியென்’ ஆனார். அந்தப் பெயரே பேரன் பேத்திகளுக்குக் குடும்பப் பெயராயிற்று. இந்தக் கதை நம் வகுப்புக்குப் பொருந்தாமல் வேறு எந்த வகுப்புக்குப் பொருந்தும்?

புராணப் படக்கதைகள் போதுமே என்பீர்கள். முருகனும் அனுமனும் கோயிலிலேயே பிள்ளைகளுக்கு அறிமுகமாகிவிடுகிறார்கள். அவர்களோடு இந்த சூப்பர் ஹீரோக்களும் வரட்டும்.

மொழிபெயர்ப்பு உரிமை வாங்கச் செலவும் காலமும் ஆகும் என்பது தெரியும். அதுவரை காத்திருக்க வேண்டாம். ஐந்தாம், ஆறாம் வகுப்புப் புத்தகங்களில் ஒவ்வொன்றிலும் நான்கு பக்கம், உள்ளூர் ஓவியர்களை வைத்து, போர்ட் லூயிஸ் தெருக்களில் நடக்கிற கதையாகப் போடுங்கள். கடைசிப் பக்கத்துக் குமிழிகளைக் காலியாக விடுங்கள், பிள்ளைகளே எழுதட்டும். அப்படி எழுதியதற்குத் தேர்விலும் மதிப்பெண் கொடுங்கள். கொடுக்காவிட்டால் அந்தப் பக்கத்தைப் புரட்ட வகுப்பில் நேரம் கிடைக்காது.

இப்படிக்கு,
ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு காமிக்ஸ் வாசகன்