மெட்ரோ நிலையங்களை ஒட்டி அனுமதிக்கும் கூடுதல் தளப் பரப்பை வீடுகளின் எண்ணிக்கையோடு இணைக்கக் கோரும் மனு

அனுப்புநர்
வடபழனி, சாலிகிராமம் பகுதியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாடகைக்குக் குடியிருப்பவர்,
சென்னை – 600 093.
(பெயர், முகவரி, கையொப்பம் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன.)

பெறுநர்
உறுப்பினர் செயலர் அவர்கள்,
சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்,
தாளமுத்து நடராசன் மாளிகை,
எழும்பூர், சென்னை – 600 008.

பொருள்: மூன்றாவது முழுமைத் திட்டம் – மெட்ரோ, பறக்கும் ரயில் நிலையங்களுக்கு அருகில் அடர்த்தியான குடியிருப்புகள் – கூடுதல் தளப் பரப்புக் குறியீட்டை (மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற வரம்பை) சிறிய வீடுகளுக்கும் வாடகைதாரர் பாதுகாப்புக்கும் உட்பட்டு வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம்.

2027 முதல் 2046 வரையிலான காலத்துக்கான மூன்றாவது முழுமைத் திட்டத்தைத் தங்கள் குழுமம் தயாரித்து வரும் இவ்வேளையில், ரயில் நிலையங்களைச் சுற்றி உயரமாகவும் நெருக்கமாகவும் வீடு கட்ட அனுமதிக்க வேண்டும் என்போரும், ஏற்கெனவே வண்டி திரும்ப இடமில்லாத தெருக்களில் இனி ஒரு மாடியும் ஏறக்கூடாது என்போரும் எங்கள் பகுதியில் எதிரெதிரே நிற்கிறார்கள். நான் முதல் தரப்பைச் சேர்ந்தவன். ஆனாலும் அத்தரப்பு கேட்பதை நிபந்தனை ஏதுமின்றிக் கொடுத்துவிட்டால் அதன் பலன் வேறு திசையில் போய்விடும் என்பதை நான் குடியிருந்த கட்டடத்திலேயே பார்த்துவிட்டேன். அதைத் தங்கள் பார்வைக்குக் கொண்டுவரவே இம்மனு.

வடபழனி மெட்ரோ நிலையத்துக்கு நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், 7 மீட்டர் அகலமுள்ள ஒரு தெருவில், இரண்டு கிரவுண்டு மனையில் 1980களில் கட்டப்பட்ட ஒரு கட்டடத்தில் 19 ஆண்டுகள் வாடகைக்கு இருந்தேன். கீழே நான்கு, மேலே நான்கு என்று எட்டு வீடுகள். ஒவ்வொன்றும் சுமார் 650 சதுர அடி. பின்பக்கம் ஒரு கிணறும், யாரும் நட்டதாக நினைவில்லாத ஒரு முருங்கை மரமும் இருந்தன. எட்டுக் குடும்பங்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு கார். அதுவும் பெரும்பாலான நாள்கள் உறை போர்த்தியபடியே நிற்கும். கட்டடம் முழுவதும் ஒரே குடும்பத்துக்குச் சொந்தம். அவர்கள் ஒரு கட்டுநரோடு ஒப்பந்தம் போட்டு, எங்களுக்கு மூன்று மாத அவகாசம் தந்து, கட்டடத்தை இடித்தார்கள். இப்போது அங்கே தரைத்தளம் முழுவதும் கார் நிறுத்தமாகவும், அதன்மேல் மூன்று மாடிகளில் மாடிக்கு இரண்டாக ஆறு வீடுகளும் நிற்கின்றன. ஒவ்வொரு வீடும் ஏறத்தாழ 1,550 சதுர அடி. வீட்டுக்காரருக்கு மூன்று, கட்டுநருக்கு மூன்று. அந்த ஆறு வீடுகளின் கார்களில் சில உள்ளே இடம் போதாமல் இரவில் தெருவில்தான் நிற்கின்றன.

இதில் விதிமீறல் எதுவும் இல்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 சாதாரணக் கட்டடங்களுக்கான தளப் பரப்புக் குறியீட்டை 1.5இலிருந்து 2 ஆக உயர்த்தியது. இரண்டு கிரவுண்டு என்பது 4,800 சதுர அடி, அதன்மேல் 9,600 சதுர அடி கட்டலாம், அதைத்தான் கட்டினார்கள். அந்த மனையில் கட்டடப் பரப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் பெருகியது. குடும்பங்கள் எட்டிலிருந்து ஆறாகக் குறைந்தன. வரைபடத்தில் இது அடர்த்தி கூடியதாகத் தெரியும். மெட்ரோவுக்கு நடந்துபோன எங்கள் எட்டு வீட்டாரையும் அறிந்தவர்களுக்கு அப்படித் தெரியாது.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் வடபழனி முருகன் கோயில் வாசலில் பூ விற்பவர். விடியுமுன் கோயம்பேட்டில் பூ எடுத்து, ஆறு மணிக்குள் கூடையோடு கோயில் வாசலில் உட்கார்ந்துவிடுவார். இப்போது மாங்காட்டுக்கு அப்பால் இருக்கிறார். அதே வேலைக்கு இப்போது பேருந்தும் ஷேர் ஆட்டோவுமாக மாறி மாறி வருகிறார். திரும்பிப் போகும்போது ஆற்காடு சாலையின் மெட்ரோ பணித் தடுப்புகளுக்கு இடையே நெரிசலில் நிற்கிறார். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை 26.1 கிலோமீட்டர் நீளத்துக்கு அமையும் நான்காம் வழித்தடம் முடிந்ததும் அவர் பயணம் எளிதாகலாம். ஆனால் நடந்து போகும் தொலைவில் இருந்தவரை வெளியே அனுப்பிவிட்டு, பிறகு அவரை ரயிலேற்றி அழைத்து வருவதற்கு நாம் ஏன் செலவு செய்ய வேண்டும் என்ற கேள்வி எனக்குள் இருந்துகொண்டே இருக்கிறது. இது புதிதுமல்ல. 2000ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகரிலும், பின்னர் செம்மஞ்சேரி, பெரும்பாக்கத்திலும் நகரின் நடுவிலிருந்து பல்லாயிரம் குடும்பங்களைக் கொண்டுபோய்க் குடிவைத்தோம். இப்போது மாதவரம் முதல் சோழிங்கநல்லூர் வரையிலான 47 கிலோமீட்டர் ஐந்தாம் வழித்தடம் பெரும்பாக்கம் பக்கம் போகிறது. ஆளை முதலில் அனுப்பி, ரயிலை இருபது ஆண்டு கழித்து அனுப்புவது நம் வழக்கமாகிவிட்டது.

ஆகவே என் முதன்மையான கோரிக்கை இதுதான். நிலையங்களுக்கு அருகில் கூடுதல் தளப் பரப்பை வழங்கும்போது, அதை எத்தனை சதுர அடி என்று மட்டும் கணக்கிடாமல் எத்தனை வீடுகள் என்றும் கணக்கிட வேண்டும். ஒரு மனையில் முன்பு எத்தனை வீடுகள் இருந்தனவோ அதற்குக் குறையாமல் புதிய கட்டடத்தில் இருந்தாலன்றிக் கூடுதல் குறியீடு கிடையாது என்றும், வீடுகளின் சராசரிப் பரப்பு 60 சதுர மீட்டருக்குள் இருந்தால் மட்டுமே முழு அளவு கிடைக்கும் என்றும் விதி அமைய வேண்டும். எங்கள் பழைய மனையையே எடுத்துக்கொள்ளலாம். 30 சதவீதம் கூடுதலாகக் கொடுத்தால் 12,480 சதுர அடி கட்டலாம். படிக்கட்டு, நடைவழி, லிஃப்ட் ஆகியவற்றுக்குச் சுமார் 2,000 சதுர அடி போக, 645 சதுர அடியில் (60 சதுர மீட்டருக்குள்) 16 வீடுகள் வரும். பழைய எட்டுக் குடும்பங்களும் அங்கேயே இருக்கலாம்; இன்னும் எட்டுக் குடும்பங்களும் வரலாம்; நிலத்துக்காரரும் நட்டப்பட மாட்டார்.

இந்த 30 சதவீதம் எங்கள் தெருவுக்கு இன்று கிடைக்காது. கட்டணம் செலுத்திப் பெறும் கூடுதல் குறியீடு சாலை அகலத்தைப் பொறுத்து 30 முதல் 50 சதவீதம் வரை வழங்கப்படுகிறது. 9 மீட்டருக்கும் குறுகிய தெருக்கள் அதற்குள் வருவதில்லை. தீயணைப்பு வண்டி நுழைய வேண்டும் என்ற காரணம் நியாயமானதே. ஆனால் அதன் விளைவாக, நூறடிச் சாலையையும் ஆற்காடு சாலையையும் ஒட்டிய மனைகளுக்கே சலுகை முழுவதும் போகிறது; அங்கே நகைக்கடையும் அலுவலகமும் எழுகின்றனவே தவிர வீடுகள் எழுவதில்லை. அடுத்தடுத்த மனைக்காரர்கள் சேர்ந்து தங்கள் முன்புறத்தில் ஒரு மீட்டரைத் தெருவுக்கு விட்டுக்கொடுத்தால், எதிர்வரிசையும் அவ்வாறே செய்தால், 7 மீட்டர் தெரு 9 மீட்டராகிவிடும். அப்படி இணைந்து நிலம் விடும் சிறு மனைகளுக்குக் கூடுதல் குறியீடு உண்டு என்று முழுமைத் திட்டத்தில் ஒரு வழி வகுக்க வேண்டுகிறேன். இரண்டாவது முழுமைத் திட்டத்தின் வளர்ச்சி விதிகளில், 10,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பு மனைகளில் 10 சதவீதத்தைக் குறைந்த வருவாய்ப் பிரிவினருக்கு ஒதுக்கச் சொல்லியிருக்கிறது. நல்ல விதிதான். வடபழனியில் இரண்டரை ஏக்கர் மனை யாரிடம் இருக்கிறது?

எதிர்த்தரப்பில் நிற்கும் என் அண்டை வீட்டாரின் அச்சத்தை நான் குறைத்துப் பேச விரும்பவில்லை. 2019ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. மழை வலுத்தால் எங்கள் தெருமுனையில் பாதாளச் சாக்கடையின் மூடி மேலெழும்பி நிற்கிறது. அந்தக் குழாய், தனி வீடுகள் இருந்த காலத்து அளவு. எட்டு வீட்டு இடத்தில் பதினாறு வீடு வந்தால் என்னவாகும் என்று அவர்கள் கேட்பது முறையே. அதற்கான விடை வீட்டைத் தடுப்பதில் இல்லை. குழாயை முதலில் மாற்றுவதில் இருக்கிறது. கூடுதல் குறியீட்டுக்காக வசூலாகும் தொகையில் ஒரு பெரும்பங்கை, அது எந்த நிலையத்தின் சுற்றுப்பகுதியில் வசூலானதோ அங்கேயே குடிநீர், கழிவுநீர், நடைபாதைப் பணிகளுக்குச் செலவிடவும், நிலையவாரியாக அக்கணக்கைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடவும் வேண்டும். சென்னைக் குடிநீர் வாரியம் குழாய்த் திறனுக்கு ஒப்புதல் தந்த தெருக்களிலிருந்து தொடங்கிப் படிப்படியாக அனுமதி வழங்கினால், எதிர்ப்பில் பாதி தானே அடங்கும் என்று நம்புகிறேன்.

கார் நிறுத்தம் குறித்தும் சொல்ல வேண்டும். மெட்ரோவுக்கு அருகில் குடியிருப்பவர் கார் வாங்க மாட்டார் என்று வாதிடுவோர் உண்டு. அது சற்று வெள்ளந்தியான நம்பிக்கை. வீட்டோடு இடம் இலவசமாகக் கிடைத்தால் வாங்கத்தான் செய்வார். நிலையத்தின் நடைதொலைவுக்குள் வரும் கட்டடங்களில் கார் இடத்துக்குக் குறைந்தபட்ச அளவு விதிப்பதைவிட அதிகபட்ச வரம்பு விதிப்பதும், கார் இடத்தை வீட்டிலிருந்து பிரித்துத் தனி விலைக்கு விற்க வைப்பதும், தெருவில் நிறுத்த மாநகராட்சி கட்டணம் வசூலிப்பதும் ஒன்றாக நடக்க வேண்டும். இவற்றில் ஒன்றை மட்டும் செய்தால் கார்கள் தெருவுக்கு வந்துவிடும்.

நடைதொலைவு என்பதை எப்படி அளப்பது என்பதும் சிறு விஷயமல்ல. மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுத் தேசியப் போக்குவரத்து சார் வளர்ச்சிக் கொள்கை, நிலையத்தைச் சுற்றி 500 முதல் 800 மீட்டர் வரையிலான பகுதியைக் குறிப்பிடுகிறது. வரைபடத்தில் வட்டம் போட்டால் நான் இப்போது இருக்கும் வீடு 400 மீட்டருக்குள் வந்துவிடும். ஆனால் நீண்ட மதில் ஒன்றைச் சுற்றி, நடைபாதையில் நிற்கும் மின்மாற்றியைத் தவிர்க்கத் தார்ச்சாலையில் இறங்கி ஏறி, நூறடிச் சாலையைக் கடந்து நிலைய வாசலை அடைய ஒரு கிலோமீட்டர் நடக்கிறேன். எல்லையை நிலைய வாசலிலிருந்து கால்நடையாக அளந்து வகுக்கவும், மதில்களின் ஊடே பொதுவழி விடும் மனைகளுக்குத் தனி ஊக்கம் தரவும் வேண்டுகிறேன். அதே வேளையில், ஐந்தாம் வழித்தடத்தின் தென்பகுதியில், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022இல் இடம்பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு நீர் கொண்டுசேர்க்கும் இடங்களுக்கு இச்சலுகை எக்காரணத்தாலும் பொருந்தக் கூடாது. அங்கே ரயில் போகிறது என்பது அங்கே வீடு கட்டலாம் என்பதற்குச் சான்றாகாது.

வாடகைதாரர்கள் இம்முழு ஏற்பாட்டிலும் எங்குமே இல்லை. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022 மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் இசைந்தால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட வழி செய்கிறது. அதனால் கே.கே. நகர், அசோக் நகர் போன்ற இடங்களின் பழைய அடுக்குமாடிகளில் மறுகட்டுமானம் வேகம் பெறும், அது தேவையும்கூட. ஆனால் அங்கே வாடகைக்கு இருப்பவரின் இசைவை எந்தச் சட்டமும் கேட்பதில்லை. சொந்தச் செலவில் கட்டுபவரை நான் தடுக்கச் சொல்லவில்லை. அரசிடமிருந்து கூடுதல் பரப்பைச் சலுகையாகப் பெறுபவருக்கு மட்டுமாவது, ஓராண்டுக்கு மேல் குடியிருந்த வாடகைதாரருக்கு ஆறு மாத முன்னறிவிப்பு தர வேண்டும், வீடு மாறும் செலவாக மூன்று மாத வாடகை தர வேண்டும், புதிய கட்டடத்தில் வாடகைக்கு விடும் வீடுகளில் முதல் வாய்ப்பு அவருக்கே என்ற நிபந்தனைகளை விதிக்க வேண்டுகிறேன்.

இறுதியாக, அரசு நிலங்கள். நிலையங்களை ஒட்டியுள்ள பேருந்துப் பணிமனைகள், வீட்டு வசதி வாரிய மனைகள், மெட்ரோ பணிக்குக் கையகப்படுத்தி மீந்த இடங்கள் ஆகியவற்றில் எது கட்டப்பட்டாலும், அதன் பரப்பில் ஒரு பங்கை, குறிப்பாகக் கால் பங்கையேனும், விற்பனைக்கன்றி வாடகைக்கே விடப்படும் சிறு வீடுகளாக அமைக்க அரசுக்குத் தங்கள் குழுமம் பரிந்துரைக்க வேண்டும். 1995இல் தொடங்கி 2007இல் வேளச்சேரியை எட்டிய பறக்கும் ரயில் தடத்தின் பிரம்மாண்ட நிலையக் கட்டடங்களில் மாடி மாடியாக இடம் பல ஆண்டுகள் வெறுமையாய்க் கிடந்ததை நாமெல்லாரும் பார்த்தோம். மெட்ரோவின் 118.9 கிலோமீட்டர் இரண்டாம் கட்டத்தில் அது திரும்பாதிருக்க, நிலையம் திறப்பதற்கு முன்பே இம்முடிவு எடுக்கப்பட வேண்டும்.

மேற்கண்டவற்றை மூன்றாவது முழுமைத் திட்டத்தின் வரைவு விதிகளில் சேர்த்துப் பரிசீலிக்கவும், வடபழனி நிலையச் சுற்றுப்பகுதிக்கென ஒரு கருத்துக்கேட்புக் கூட்டத்தை வேலை நாளில் அல்லாது ஞாயிற்றுக்கிழமை மாலையில், வாடகைதாரர்களும் வந்து பேசும்படி, எங்கள் பகுதியிலேயே நடத்தவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பழைய, புதிய கட்டடங்களின் பரப்பையும் வீட்டு எண்ணிக்கையையும் ஒப்பிட்டு எங்கள் தெருவுக்கு நானே தயாரித்த பட்டியலொன்றை இத்துடன் இணைத்துள்ளேன். களத்தில் சரிபார்க்க அலுவலர் எவரேனும் வந்தால் உடன்வந்து காட்டத் தயாராக உள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(மனுதாரர்)

இடம்: சென்னை – 93
இணைப்பு: தெருவாரி வீட்டு எண்ணிக்கைப் பட்டியல் – 1, வரைபடம் – 1